தாகம் தீர்த்த தலைவர்: ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து



தண்ணீரின் அருமையை எட்டயபுரத்தாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் பூமியில் வானத்தைப் பார்த்து வாழ்ந்த நம் முன்னோர், ஊருணியையும் குளத்தையும் கண்ணைப் போலக் காத்து வந்தனர். ஆனால் நம் மாவட்டத்தின் தலைநகரான தூத்துக்குடி, கடலையே வாசலில் வைத்துக்கொண்டு குடிநீருக்கு ஏங்கிய ஊர் என்பதை இன்றைய இளைஞர்களில் பலர் அறியமாட்டார்கள். அந்த ஏக்கத்தைத் தீர்ப்பதற்காகத் தம் பொதுவாழ்வை அர்ப்பணித்த ஒரு நகர்மன்றத் தலைவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

துறைமுகமும் உவர்நீரும்

முத்துக்குளித்தலாலும் உப்பாலும் பருத்தியாலும் பெயர்பெற்ற தூத்துக்குடி, 1866ஆம் ஆண்டு நகராட்சியாயிற்று. 1876ஆம் ஆண்டு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. பஞ்சாலைகளும் வணிக நிறுவனங்களும் பெருகின. கொழும்புக்குக் கப்பலேறுவோர் கூட்டம் கூட்டமாக வந்து தங்கினர். ஊர் வளர்ந்த வேகத்திற்கு நல்ல தண்ணீர் வளரவில்லை. கடற்கரை மண்ணில் தோண்டிய கிணறுகளில் பெரும்பாலும் உவர்நீரே ஊறியது. நல்லநீர்க் கிணறு ஒன்றிருந்தால் அதைச் சுற்றி ஊரே கூடியது. கூட்டம் கூடிய இடத்தில் அசுத்தமும் சேர்ந்தது.

அசுத்தமான தண்ணீர் எத்தகைய ஆபத்து என்பதை அன்றைய உலகம் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தது. 1854ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். பெரும்பாலானோர் ஒரே தெருவின் அடிகுழாயில் தண்ணீர் எடுத்தவர்கள் என்று கண்டு, அக்குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். நம் முன்னோர் வாந்திபேதி என்று அஞ்சிய அந்நோய், காற்றில் வருவதன்று, குடிக்கும் நீரில் வருவது என்ற உண்மை அதன் பின்னரே படிப்படியாக நிலைபெற்றது. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களைத் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை முகாமில் நிறுத்திவைத்த பிறகே கப்பலேற்றியதும் இத்தகைய நோய்களின் அச்சத்தால்தான்.

காவலும் காப்பும்

1906ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908ஆம் ஆண்டு கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடைபெற்றது. வ.உ.சி. கைது செய்யப்பட்டதும் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கொந்தளிப்பு மூண்டது. ஆங்கில அரசு தண்டக் காவல்படையை நிறுத்தி, அதன் செலவையும் மக்கள் தலையிலேயே சுமத்தியது. ஊரின் பாதுகாப்பு என்பதற்கு அன்றைய ஆட்சி கொண்டிருந்த பொருள் அவ்வளவே.

இக்கொந்தளிப்பு அடங்கிய மறு ஆண்டில், அதாவது 1909இல், குரூஸ் பர்னாந்து தூத்துக்குடி நகர்மன்றத் தலைவர் பொறுப்பை முதன்முதலாக ஏற்றார். 1869ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிறந்த அவர், முத்துக்குளித்துறையின் பரதவர் சமுதாயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர். ஒருமுறையன்று, ஐந்து முறை அவர் அப்பதவியை வகித்தார். அரசு அவருக்கு ராவ்பகதூர் பட்டம் அளித்தது. மக்களோ அவரைத் தூத்துக்குடியின் தந்தை என்றே அழைத்தனர். பட்டம் அரசாங்கத்தின் ஏட்டில் நின்றுவிட்டது. மக்கள் தந்த பெயர் இன்றும் வழங்கி வருகிறது.

அப்பெயரை அவருக்குப் பெற்றுத் தந்தது வல்லநாட்டுக் குடிநீர்த் திட்டமாகும். திருநெல்வேலிச் சாலையில், முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால், தாமிரபரணிக் கரையில் அமைந்தது வல்லநாடு. அங்கிருந்து ஆற்றுநீரைக் குழாய் வழியே கடற்கரை நகருக்குக் கொண்டுவருவதென்பது அக்காலத்தில் எளிய எண்ணமன்று. பெருந்தொகை வேண்டும். நகராட்சி கடன் வாங்குவதானால் சென்னை மாகாண அரசின் அனுமதி வேண்டும். தலைவர் பதவியோ குறுகிய காலத்திற்குரியது. ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் கிடப்பில் போட்டுவிடலாம். ஒரு பதவிக்காலத்தில் முடியாததை மறு பதவிக்காலத்தில் தொடர்ந்து, இறுதியில் ஆற்றுநீரை ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்ததே அவருடைய பெருமை.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்நாளில் நகராட்சித் தேர்தலில் வாக்குரிமை அனைவருக்கும் இல்லை. வரி செலுத்தும் ஒரு சிறு பகுதியினருக்கே இருந்தது. மூட்டை சுமந்தவருக்கும் உப்பளத்தில் உழைத்தவருக்கும் வாக்கில்லை. ஆயினும் வாக்கில்லாத அவர்களுக்கும் வந்து சேர்ந்தது வல்லநாட்டுத் தண்ணீர். தமக்கு வாக்களிக்க இயலாதவரின் தாகத்தையும் தம் பொறுப்பாகக் கருதுபவரே உண்மையான மக்கள் பிரதிநிதி ஆவார்.

பொதுப்பணம் என்னும் அமானிதம்

மதீனாவில் ரூமா கிணற்றை ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளைக் கொடுத்து வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கியதை நாம் அறிவோம். கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா, மக்கா நகருக்கு நீர்வழி அமைத்ததையும் அறிவோம். சொந்தப் பொருளில் அறம் செய்பவர் தம் மனத்தை வென்றால் போதும். பொதுப்பணத்தில் செய்பவரோ சபையையும் அதிகாரிகளையும் வரி செலுத்துவோரையும் இணங்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு காசுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். அந்த வகையில் நகர்மன்றப் பணி என்பது பெரும் அமானிதமாகும்.

குரூஸ் பர்னாந்து 1930ஆம் ஆண்டு மறைந்தார். நகரின் நடுவே அவருக்குச் சிலை நிற்கிறது. அண்மைக் காலத்தில் தமிழக அரசு மணிமண்டபமும் எழுப்பியுள்ளது. அவர் தலைமை வகித்த நகராட்சி 2008ஆம் ஆண்டு மாநகராட்சியாக உயர்ந்தது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் மாவட்டத்தார் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிப்பதற்குத் தண்ணீரின்றி மக்கள் தவித்தனர். அந்நாட்களில் செய்துங்கநல்லூர் பள்ளிவாசலில் இந்துக் குடும்பங்கள் தங்கவைக்கப்பட்டு உணவளிக்கப்பட்ட செய்தியை ஏடுகள் எழுதின. கத்தோலிக்கர் ஒருவர் கொண்டுவந்த தண்ணீரை எல்லா மதத்தாரும் குடித்த மாவட்டத்தில், பள்ளிவாசலின் கதவு அனைவருக்கும் திறந்ததில் வியப்பில்லை.

அன்பர்களே! நமதூர் பேரூராட்சித் தேர்தலில் நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வாக்களிப்பவர்களோ நாம் அனைவரும். வருகின்ற வேட்பாளர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர், யாருக்கு உறவினர் என்று கேட்பதோடு நிறுத்திவிடலாகாது. மேல்நிலைத் தொட்டி முறையாகக் கழுவப்படுகிறதா, குழாயில் சாக்கடை கலக்காமல் காக்கப்படுகிறதா, கோடையில் கடைசித் தெருவுக்கும் தண்ணீர் எட்டுகிறதா என்று கேட்போமாக. நம் பள்ளியின் ஹவுளிலும் வீட்டுக் குழாயிலும் ஒரு துளியும் வீணாகாமல் காப்போமாக. கேட்கும் உரிமை, காக்கும் கடமையைச் செய்பவருக்கே அழகு.

பிறர் தாகம் தீர்க்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.