மறுநாள் மாத்திரை – 6: கருவையும் கருவும்

போன வாரம் ஒரு சிறுமியை மருத்துவர் முன்னால் உட்கார வைத்துவிட்டு நிறுத்தியிருந்தோம். நெதர்லாந்து, 1960களின் நடுப்பகுதி. அவளுக்கு வயது 13. வன்கொடுமைக்கு ஆளாகி வந்திருக்கிறாள். மாதச் சுழற்சியில் கரு தங்க மிகவும் ஏதுவான நாட்கள் அவை. மருத்துவர் என்ன செய்தார்?

கால்நடை வைத்தியத்தில் கடன் வாங்கினார். ஜாதி நாயோ பந்தயக் குதிரையோ கண்டதோடு சேர்ந்துவிட்டால், குட்டி பிடிக்காமல் இருக்க ஈஸ்ட்ரோஜன் கொடுக்கும் வழக்கம் அத்துறையில் இருந்தது. விலங்குகளின் சினையை அந்தச் சுரப்பு தடுக்கும் என்று 1920களிலேயே கண்டிருந்தார்கள். அதே ஈஸ்ட்ரோஜனை மிக அதிக அளவில் அந்தச் சிறுமிக்குக் கொடுத்தார்கள். உறவுக்குப் பின் ஒரு மனித உயிருக்குக் கொடுத்த கருத்தடை மருந்து என்று ஏட்டில் ஏறிய முதல் நிகழ்ச்சி அது. நம் மாத்திரையின் கதை படுக்கையறையில் தொடங்கவில்லை. ஒரு குற்றத்தின் மறுநாள் தொடங்கியது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அடுத்த காட்சி அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். அங்கே கெர்ட்ரூட் வான் வாகனென் என்ற அம்மையார் ஆராய்ச்சிக்காகக் குரங்குகள் வளர்த்துவந்தார். அவரும் ஜான் மெக்லீன் மாரிஸ் என்ற மகப்பேறு மருத்துவரும் 1966இல் குரங்குகளில் பார்த்ததைப் பெண்களிடமும் பார்த்துச் சொன்னார்கள்: உறவுக்குப் பின் சில நாட்கள் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கரு தங்குவதில்லை. பத்திரிகைகள் உடனே 'மறுநாள் காலை மாத்திரை' என்று பெயர் சூட்டிவிட்டன. மாத்திரை வேலை செய்தது, ஆனால் ஐந்து நாளும் குமட்டல், வாந்தி. போதாக்குறைக்கு, அப்போது புழங்கிய டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட தாய்மாரின் பெண் பிள்ளைகளுக்கு அரிய வகைப் புற்றுநோய் வருவதாக 1971இல் ஆய்வு வெளிவந்தது. அத்தோடு அந்தப் பாதையில் நடக்க ஆள் குறைந்தது.

1974இல் கனடாவின் ஆல்பர்ட் யுஸ்பே வேறு கணக்குப் போட்டார். வழக்கமான கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் இரண்டு சுரப்புகளையே சேர்த்து, ஒரு வேளை, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு வேளை. அவ்வளவுதான். கால் நூற்றாண்டு உலகம் முழுக்க இதுவே முறை. ஐந்தில் ஒருத்திக்கு வாந்தி வந்தது, அதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஈஸ்ட்ரோஜனை அடியோடு விட்டுவிட்டு லெவோநோர்ஜெஸ்ட்ரெல் என்ற ஒற்றை மருந்தை மட்டும் கொடுத்தால்? ஹங்கேரியில் போஸ்டினார் என்ற பெயரில் அது ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 21 மையங்களில் இரண்டையும் மோதவிட்டது. முடிவு வெளியான ஆண்டு 1998. ஆய்வில் சேர்ந்த பெண்களும் 1998 பேர். (தற்செயல்தான், ஆனால் என்னைப் போன்ற ஆண்டு மறதிக்காரனுக்கு உதவி.) யுஸ்பே முறையில் 979 பேரில் 31 பேர் கருவுற்றார்கள். ஒற்றை மருந்தில் 976 பேரில் 11 பேர் மட்டுமே. வாந்தியும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. இன்று 1.5 மில்லிகிராமில் ஒரே மாத்திரையாகக் கிடைப்பது அந்த வெற்றியாளர்தான்.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி என் ஊருக்கு வருகிறேன். காரணம் இருக்கிறது.

கரிவலம்வந்தநல்லூர், பழைய பெயர் திருக்கருவை. சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஏறினால் கால்மணி நேரத்துக்குள் பால்வண்ணநாதர் கோபுரம் தெரியும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிருந்து ஆண்ட வரதுங்கராம பாண்டியர், வடமொழிக் கொக்கோகத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கினார் என்பார்கள். இல்லை, அது அவருடைய உறவினர் அதிவீரராம பாண்டியர் செய்தது என்றும் ஒரு கட்சி உண்டு. யார் எழுதியிருந்தாலும், சிவனுக்கு அந்தாதி பாடிய அரச குடும்பம் ஆண் பெண் உறவைப் பற்றியும் கூச்சமில்லாமல் பாடியிருக்கிறது. நானூறு வருஷம் கழித்து அதே ஊரில் இதைப் பற்றி வாயைத் திறந்தால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள், ஆண்கள் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தத் தொடரைப் படிக்கும் சித்தி ஒருத்தி ஊரில் என்னை மடக்கினாள். "ஏலே, எல்லாம் சரிதான். கடைசியில அது கலைக்கிற மாத்திரைதானே?"

இந்தக் கேள்வியில்தான் மொத்தக் கதையும் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. ஆகவே சித்திக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

உறவு நடந்த அந்த ராத்திரியே கரு உண்டாகிவிடுவதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. விந்தணு பெண்ணுடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு காத்திருக்கும். சினைப்பையிலிருந்து வெளியே வரும் முட்டைக்கோ ஒரு நாள்தான் ஆயுசு. மாப்பிள்ளை வீட்டார் வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பெண் இன்னும் உள்ளேயிருந்து வரவில்லை. அந்த இடைவெளிதான் மாத்திரையின் களம். முட்டை வெளியே வர மூளையடிச் சுரப்பியிலிருந்து எல்.ஹெச். என்ற சுரப்பு திடீரென்று பொங்கி எழ வேண்டும். லெவோநோர்ஜெஸ்ட்ரெல் அந்தப் பொங்கலை அடக்குகிறது. முட்டை வெளிவருவது தள்ளிப்போகிறது, காத்திருந்த விந்தணுக்கள் மடிந்துவிடுகின்றன. கரு உருவாகவே இல்லை. உருவாகாததைக் கலைப்பது எப்படி?

எல்.ஹெச். பொங்கத் தொடங்கிவிட்டால் மாத்திரையால் ஏதும் செய்ய இயலாது. கரு ஏற்கெனவே தங்கியிருந்தால் இது அதைக் கலைக்காது, சிசுவுக்குக் கெடுதல் செய்வதாகவும் தெரியவில்லை. கருவைக் கலைப்பவை மிஃபிப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற வேறு மருந்துகள். அவற்றை மருத்துவர் பொறுப்பில் மட்டுமே எடுக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் வினை பிறந்தது.

"அப்போ எப்போ போடணும்?" என்றாள் சித்தி. (அவளுக்கு வயது அறுபத்தெட்டு. ஆர்வத்துக்கு வயதில்லை.)

எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம். 'மறுநாள் காலை' என்ற பெயரே தப்பு, விடியக் காத்திருக்க வேண்டாம். அந்த 1998 ஆய்வில் 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களுக்கு, வந்திருக்கக்கூடிய கர்ப்பங்களில் 95 சதவீதம் தடைபட்டது. இரண்டாம் நாள் 85. மூன்றாம் நாள் 58 என்று சரிந்தது. அதனால்தான் 72 மணி நேரம் என்று கெடு வைத்தார்கள். ஐந்தாம் நாள்வரை ஓரளவு பலன் இருக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. 72 மணி தாண்டியவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் நல்ல வழி காப்பர்-டி. ஐந்து நாளுக்குள் பொருத்தினால் 99 சதவீதத்துக்கு மேல் தடுக்கும், பிறகு ஆண்டுக்கணக்கில் காவலும் இருக்கும்.

ஆணுறை கிழிந்தால், தினசரி மாத்திரை இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் உறவு நேர்ந்தால், பலாத்காரம் நடந்தால் இது பயன்படும். விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களும், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாஸெபின் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மருந்துகள் மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். அந்த மாதம் தலைக்குளி சில நாள் முன்பின் ஆகலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒன்று மட்டும் முக்கியம்: மாத்திரை போட்ட மறுநாள் நடக்கும் உறவுக்கு அது காவல் இல்லை. முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, தொலைந்துவிடவில்லை. இதை மாதாமாதம் வழக்கமாக்கிக்கொள்வதும் நல்லதல்ல. தினசரி மாத்திரை, ஆணுறை இவற்றைவிட இதன் பலம் குறைவு. பால்வினை நோயையும் இது தடுக்காது.

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க காலத்துல பப்பாளியும் எள்ளும் தின்னுட்டு சாமியக் கும்பிட்டுக் கெடந்தோம்" என்றாள். பப்பாளிக்கும் எள்ளுக்கும் அப்படி ஒரு பலன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி இந்தியா. 1936இலேயே பெரியாரின் 'கர்ப்ப ஆட்சி' நூல் வந்த மண் இது. ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு அறுவையை 1950களில் முன்னின்று நடத்திய மாநிலம் சென்னை, அதன் பின்னால் நின்றவர் தலைமைச் செயலாளர் ஆர்.ஏ. கோபாலசுவாமி. 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. இத்தனையும் பெரும்பாலும் பெண்கள் 'ஆபரேஷன்' செய்துகொண்டதால் வந்தது. இரண்டு பிள்ளை பெற்றவளின் வயிற்றைக் கீறத் தயங்காத அரசும் சமூகமும், ஒரு மாத்திரையின் முன்னால் தயங்கி நின்றதுதான் அடுத்து நடந்தது.

2002–03இல் மத்திய அரசு தன் குடும்ப நலத் திட்டத்தில் இம்மாத்திரையைச் சேர்த்தது. 2005இல் மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் விற்கலாம் என்று வழிவிட்டது. 2007இல் சிப்லா நிறுவனம் ஐ-பில் என்று பெயர் வைத்து இறக்கியது. டிவியைத் திறந்தால் அந்த விளம்பரம்தான். மும்பையிலும் டெல்லியிலும் தலைவலி மாத்திரைபோல் விற்றது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மெடிக்கல் ஒன்றில் நின்று கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அது கலைக்கிற மாத்திரைல்லா அண்ணாச்சி? நம்ம பக்கம் வைக்கக் கூடாதுன்னுட்டாவ."

"யாரு?"

அவர் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். சீட்டில்லாமல் விற்கலாம் என்று 2005இல் வந்த மத்திய உத்தரவு அன்றும் இன்றும் உயிரோடு இருக்கிறது. அப்படியிருக்க, செங்கோட்டை மலை தாண்டிக் கேரளத்தில் கிடைக்கும் மாத்திரை, இந்தப் பக்கம் அலமாரியிலிருந்து எப்படி இறங்கியது? அதற்கு விடை டெல்லியில் இல்லை. சென்னையில், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் படிகளில் இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே ஏறுவோம்.

அதற்குள் அவசரம் நேர்ந்த வாசகி யாராவது இருந்தால் என் தொடருக்குக் காத்திருக்க வேண்டாம். கடையில் இல்லை என்றதும் திரும்பிவிடாமல், ஊர் நர்சம்மாவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையிலோ இன்றே கேளுங்கள். பலாத்காரம் என்றால் அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் காசு வாங்காமல் சிகிச்சை தரவேண்டும் என்பது 2013 முதல் சட்டம்.

(தொடரும்)