வான்வெளி யாருக்குச் சொந்தம்?

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை நினைவுகூரும் அன்பர்கள் பெரும்பாலும் பாடல்களையும் நாடகங்களையும் அறிவிப்பாளர்களின் குரல்வளத்தையுமே பேசுவார்கள். ஆனால், ஆட்சியின் போக்கையும் பொதுப் பிரச்சினைகளையும் ஒரு சாதாரண நேயர் வானொலியில் பேசலாமா என்ற கேள்விக்கும் கொழும்பில் ஒரு வரலாறு உண்டு.

1995 பெப்ரவரி 6ஆம் திகதி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கல்விச் சேவையில் ஒலித்துக்கொண்டிருந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. நேயர்களும் பங்குபற்றிக் கருத்துக்கூறிய நிகழ்ச்சி அது. அதில் பங்குபற்றி வந்த ஒரு நேயர், நாட்டின் அதியுயர் நீதிபீடமான உயர் நீதிமன்றத்தை நாடினார். 1996இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அளித்த தீர்ப்பு இரு விடயங்களைச் சொன்னது. தகவலைப் பெறும் உரிமை மட்டும் தனித்துப் பேச்சுச் சுதந்திரத்தினுள் அடங்காது. ஆயின், நிகழ்ச்சியில் பங்கேற்கும் நேயரின் கருத்துரிமை அரசியலமைப்பால் காக்கப்பட்டது. நிகழ்ச்சியை நிறுத்தியதால் அவ்வுரிமை மீறப்பட்டது.

அடுத்த ஆண்டே ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தது. அரசின் பிடிக்குள் இருக்கும் ஓர் அதிகாரசபை ஊடகங்களுக்கு உரிமம் வழங்குவது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1997இல் அதே நீதிமன்றம் தீர்மானித்தது. வான்வெளி அலைவரிசைகள் பொதுச்சொத்து என்பதும் அப்போது வலியுறுத்தப்பட்டது.

இந்த நம்பிக்கையான சூழலில், 1998இல் சூரியன் எப்.எம்., சக்தி எப்.எம். ஆகிய தனியார் தமிழ் வானொலிகள் பிறந்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழர்க்கு, தம் மொழியில் செய்தி கேட்க அரச வானொலிக்கு அப்பாலும் ஒரு வழி திறந்தது.

எனினும், தீர்ப்புகளால் அச்சத்தை அகற்ற முடியவில்லை. 2005 ஒகஸ்ட் 12இல், அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றிய ரேலங்கி செல்வராஜா, கணவருடன் பம்பலப்பிட்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளை விமர்சித்த நிகழ்ச்சியில் அவர் பங்கேற்றிருந்தார் என அன்று செய்திகள் வெளிவந்தன. 2006 ஒகஸ்ட் 29இல், சூரியன் எப்.எம். செய்தி முகாமையாளர் நடராஜா குருபரன் அதிகாலையில் பணிக்குச் செல்லும் வழியில் கடத்தப்பட்டார், மறுநாள் விடுவிக்கப்பட்டார். எந்தப் பக்கம் பேசினாலும் ஆபத்து என்பதே நிலைமை.

2007 ஜூன் 7இல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட இடங்களின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. பகிரங்கமாகப் பேசப்படவேண்டிய விடயங்கள் நிறைந்திருந்த அதே ஆண்டு ஒக்டோபரில், தவறான செய்தி ஒலிபரப்பியதாகக் கூறி, சூரியன் உட்பட ஒரே நிறுவனத்தின் ஐந்து வானொலிகளின் உரிமம் இரத்துச் செய்யப்பட்டது. 1997இல் சுயாதீனமற்ற அதிகாரசபையிடம் போகக்கூடாது எனத் தடுக்கப்பட்ட உரிம அதிகாரம், அமைச்சின் கையிலேயே தங்கிவிட்டதன் விளைவு இது. அவ்வானொலிகள் சிலகால மௌனத்தின் பின்னரே மீண்டும் ஒலித்தன.

தகவலறியும் உரிமை 2015இல் அரசியலமைப்பில் இடம்பெற்றது, 2016இல் தனிச்சட்டமாயிற்று. 1996இல் கிடைக்காத பாதி அப்போது கிடைத்தது. கிடைத்த மறுபாதியான பேசும் உரிமையை அச்சமின்றிப் பயன்படுத்த, ஒலிவாங்கியின் முன் அமர்பவரின் உயிருக்கும் உத்தரவாதம் வேண்டும். குருபரனைக் கடத்தியவர்கள் யார் என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பது நேயர்களாகிய நம் கடமை.