விரல் நுனியில் ஒரு கணக்கு

2021 மே மாதம். நான் பிம்ப்ரியில் காய்ச்சலோடு, அம்மா கும்பகோணத்தில் காய்ச்சலோடு. காலையும் மாலையும் தம்பி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்புவான். அம்மாவின் விரல், அதில் மாட்டிய ஆக்சிமீட்டர், அதில் ஒரு எண். 96 என்று பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

தூரத்திலிருந்து உடம்பைப் படிக்கும் ஆசை ரொம்பப் பழசுங்க. 1905லேயே நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐன்ட்ஹோவன், ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளியின் இதயத் துடிப்பைச் சுமார் 1.5 கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வுக்கூடத்துக்குக் கம்பி வழியாகக் கொண்டுவந்து பதிவு செய்தார். நம்ம பக்கம் 2000ல் ஆந்திராவின் அரகொண்டா கிராமத்து ஆஸ்பத்திரியை அப்போலோ செயற்கைக்கோள் வழியாக நகரத்து டாக்டர்களோடு இணைத்தது. இப்போது பெங்களூரு டோஸி நிறுவனத்தின் சென்சாரை மெத்தைக்கு அடியில் வைத்தால் போதும், மூச்சையும் துடிப்பையும் எண்ணி அனுப்பிவிடுகிறது.

ஆக்சிமீட்டரின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஜப்பானின் நிஹான் கோடன் கம்பெனி இஞ்சினியர் தகுவோ அவோயாகி வேறொரு அளவீட்டில் இறங்கியிருந்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தது. அந்த இடைஞ்சலையே பயன்படுத்தி, இரண்டு வகை ஒளியைத் தோல் வழியாகச் செலுத்தி, ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கலாம் என்று 1974ல் சொன்னார். 2020 ஏப்ரலில், உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த நேரத்தில் காலமானார்.

ஆனால் ஒளி தோலைத் தாண்டித்தானே போக வேண்டும்? 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். 2025 ஜனவரியில்தான் அமெரிக்க எஃப்.டி.ஏ., பல நிறத் தோல்களிலும் சோதிக்கச் சொல்லி வரைவு வழிகாட்டுதல் வெளியிட்டது.

எங்கம்மா நல்ல கறுப்பு. அன்று 96 காட்டியும், "பேச்சுக்கு நடுவுல மூச்சு வாங்குதுடா" என்று சொன்னது எதிர்வீட்டு அத்தைதான். அவர் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அம்மா பிழைத்தார்.

பேங்க்கில் பாஸ்புக்கை மட்டும் நம்ப மாட்டோம், கல்லாவையும் எண்ணுவோம். ஊரில் பெற்றவர்களை விட்டுவிட்டு வந்தவர்களே, சென்சார் வாங்கிக் கொடுங்கள். கூடவே எதிர்வீட்டு நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.