‘முடியல’, ‘மாட்டேன்’: தொண்டைக்குழியின் அரசியல்

‘சோறு எறங்கல’ என்று ஒரு பெண் சொன்னால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, ‘யார் மேல கோவம்?’ என்பதுதான். விழுங்க முடியாதவரையும் விழுங்க மறுப்பவரையும் ஒரே சந்தேகத்தோடு பார்க்கும் இந்தப் பழக்கம் நம் அடுக்களைக்கு மட்டும் சொந்தமானதல்ல. விழுங்கல் கோளாறு பற்றிய மேற்கத்திய மருத்துவ வரலாற்றிலும் ‘முடியல’ என்பதும் ‘மாட்டேன்’ என்பதும் திரும்பத் திரும்ப இடம் மாறியிருக்கின்றன. இது வெறும் குழப்பமா? யாருடைய தொண்டை, யாருடைய கை என்று பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது.

1674இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், சாப்பிட்டதெல்லாம் இரைப்பைக்குள் இறங்காமல் திரும்பி வந்துவிடும் ஓர் ஆணைப் பற்றி எழுதினார். திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் பஞ்சைக் கட்டிக் கொடுத்தார். அந்த மனிதர் ஒவ்வொரு வேளையும் அதைக்கொண்டு தானே உணவை உள்ளே தள்ளிப் பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை இளகாமல் போகும் நோய் இது. 1913இல் எர்னஸ்ட் ஹெல்லர் அறுவை மூலம் அந்தத் தசையை வெட்டிவிடும் வரை குச்சியும் விரிப்பானும்தான் வழி. வில்லிஸின் நோயாளி சொன்னது நம்பப்பட்டது என்பதையும், கருவி அவர் கையிலேயே இருந்தது என்பதையும் மனதில் வைத்துக்கொள்வோம்.

தொண்டையில் உருண்டை அடைப்பதாகச் சொன்ன பெண்களுக்கு இந்த நம்பிக்கை கிடைக்கவில்லை. கருப்பை மேலேறி மூச்சை அடைக்கிறது என்ற கிரேக்கக் கற்பனையின் தொடர்ச்சியாக அதற்கு ‘ஹிஸ்டீரியா உருண்டை’ என்று பெயர் வைத்தார்கள். ‘முடியல’ என்றவளை ‘நடிக்கிறா’ என்று சொல்ல லத்தீனில் ஒரு சொல். இந்த நோயாளிகளில் பலரிடம் ஹிஸ்டீரியா எதுவும் இல்லை என்று சொல்லி மால்கம்சன் அந்தப் பெயரை மாற்றச் சொன்னது 1968இல்தான்.

இதற்கிடையே தொண்டை கண்ணுக்குத் தெரியும் பொருளாகிக்கொண்டிருந்தது. 1868இல் ஃப்ரைபர்க் நகரில் குஸ்மாவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை 47 செ.மீ. உலோகக் குழாயை விழுங்கவைத்து இரைப்பைக்குள் பார்க்க முயன்றார். தெருவில் கற்ற வித்தை மருத்துவத்துக்குள் வந்தது. பாடநூலில் நின்ற பெயர் குஸ்மாவுலுடையது. 1896இல் ஹார்வர்டில் வால்டர் கேனன், வாத்துக்குப் பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து, அது கழுத்தில் இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்த்தார். பின்னர் பேரியம் வந்தது. ‘உனக்கு என்ன செய்கிறது?’ என்ற கேள்வி போய் ‘எங்கே வலிக்கிறது?’ வந்தது என்று ஃபூக்கோ சொன்ன மாற்றம் இங்கேயும் நடந்தது.

ஆனால் இந்தப் பார்வையை வெறும் கண்காணிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. பக்கவாதத்தில் விழுந்தவருக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கும் உணவு இருமல்கூட வராமல் மூச்சுக்குழலுக்குள் நழுவலாம். அது அவருக்கே தெரியாது. நுரையீரல் சீழ்பிடித்த பிறகே தெரியும். அசையும் எக்ஸ்ரேயில் இதைக் கண்டு, தாடையைத் தாழ்த்தி விழுங்கு, நீரைக் கெட்டியாக்கு என்று ஆளுக்கேற்ற வழியைத் தேடும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஜெரி லோகெமன். அவருடைய நூல் 1983இல் வந்தது. இங்கே பார்வை நோயாளிக்காக வேலை செய்கிறது.

அதே மருத்துவ அறிவு சிறைக்குள் போனபோது என்ன ஆயிற்று? 1909 ஜூலையில் வாக்குரிமை கேட்ட பெண்கள் லண்டன் ஹாலோவே சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். செப்டம்பரில் பர்மிங்காம் சிறையில் மேரி லீ முதலானோருக்கு ரப்பர் குழாய் திணிக்கப்பட்டது. அரசு அதற்கு ‘மருத்துவமனைச் சிகிச்சை’ என்று பெயர் சொன்னது. 116 மருத்துவர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். டிசம்பரில் நீதிமன்றமோ, கைதியின் உயிரைக் காப்பது அதிகாரிகளின் கடமை என்றது. ‘மாட்டேன்’ என்றவள் ஒரே நாளில் ‘முடியாதவள்’ ஆக்கப்பட்டாள்.

நோயறிதலுக்கும் வர்க்கம் உண்டு என்று காட்டியவர் கான்ஸ்டன்ஸ் லிட்டன். தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது வைஸ்ராயாக இருந்த அதே லிட்டனின் மகள். 1909இல் நியூகாசில் சிறையில் சீமாட்டியாக உண்ணாவிரதம் இருந்தபோது இதயத்தைப் பரிசோதித்து, பலவீனம் என்று விடுதலை செய்தார்கள். 1910 ஜனவரியில் ‘ஜேன் வார்ட்டன்’ என்ற தையல்காரியாக வேஷம் போட்டு லிவர்பூல் சிறைக்குப் போனார். அதே இதயம்தான்; யாரும் பரிசோதிக்கவில்லை. எட்டு முறை குழாய் இறங்கியது. 1913இல் லிலியன் லென்டனுக்குக் குழாய் வழி மாறி, உணவு நுரையீரலுக்குப் போனது. எந்த ஆபத்தைத் தடுக்க விழுங்கல் மருத்துவம் பாடுபடுகிறதோ, அதையே அந்த மருத்துவர்கள் உண்டாக்கினார்கள். அந்த ஆண்டே, பட்டினியால் தளர்ந்தவரை விட்டுவிட்டுத் தேறியதும் பிடிக்கும் ‘பூனை–எலிச் சட்டம்’ வந்தது. 1917இல் டப்ளினில் தாமஸ் ஆஷ் குழாய்த் திணிப்புக்குப் பின் இறந்தார்.

புரிந்துகொண்டு மறுக்கும் கைதிக்குச் செயற்கையாக உணவூட்டக் கூடாது என்று உலக மருத்துவச் சங்கம் 1975இல் டோக்கியோவில் அறிவித்தது. ஆனால் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து 2000 நவம்பரில் உண்ணாவிரதம் தொடங்கிய இரோம் ஷர்மிளாவின் மூக்கில் 2016 ஆகஸ்ட் வரை குழாய் இருந்தது. தற்கொலை முயற்சி என்று வழக்கு. விடுதலை, மறுபடி கைது. பூனை–எலிச் சட்டம் இம்பாலில் பெயரில்லாமல் நடந்தது.

2020 நவம்பரில் மும்பைக்கு அருகே தலோஜா சிறையிலிருந்து ஸ்டான் சுவாமி ஓர் உறிஞ்சுகுழல் கேட்டார். திருச்சி மாவட்டத்தில் பிறந்தவர், வயது 83, பார்க்கின்சன். கை நடுங்குகிறது, தம்ளரைப் பிடிக்க முடியல என்றார். பதில் சொல்லவே விசாரணை முகமை 20 நாள் அவகாசம் கேட்டது, கிடைத்தது. 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே இறந்தார். மாட்டேன் என்றவருக்கு 16 ஆண்டுகள் குழாயைத் திணித்த அரசு, முடியல என்றவருக்கு ஒரு உறிஞ்சுகுழலைத் தர நாள் கணக்குப் பார்த்தது. தொண்டையைப் பார்க்க இன்று எத்தனையோ கருவிகள் உண்டு. அந்த மனிதர் சொல்வதைக் கேட்பதற்குத்தான் 20 நாள் போதவில்லை.