அறுபதில் வந்த துணையை என்ன சொல்லி அறிமுகப்படுத்துவது?

'இவங்க உங்களுக்கு என்ன உறவு?'

கல்யாண மண்டபத்திலோ மருத்துவமனை முகப்பிலோ இப்படி ஒரு கேள்வி வந்தால் இருபத்தைந்து வயதுக்காரருக்குச் சிக்கலே இல்லை. காதலி என்பார், வருங்கால மனைவி என்பார். கேட்டவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். ஆனால் மனைவியை இழந்த அறுபத்திரண்டு வயதுக்காரர், கணவரை இழந்த ஐம்பத்தெட்டு வயது அம்மாவோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன பதில் சொல்வார்? 'காதலி' என்றால் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். 'ஃபிரண்டு' என்றால் அது பாதி உண்மைதான். 'பார்ட்னர்' என்று சொன்னாலோ, "என்ன பிசினஸ்?" என்று கேட்கிற ஊர் பினாங்கு! கடைசியில் 'தெரிஞ்சவங்க' என்று முனகிவிட்டு நாற்காலியைத் தேடிப் போவார்.

இது இந்தக் காலத்துப் பிரச்சினை என்று நினைத்தால் தவறு. ஜார்ஜ் டவுன் என்ற ஊரின் முதல் குடும்பத்துக்கே இந்தச் சிக்கல் இருந்தது.

1786 ஆகஸ்டு 11ஆம் தேதி கிழக்கிந்தியக் கும்பெனிக்காக இந்தத் தீவில் கொடியேற்றியவர் பிரான்சிஸ் லைட். அவரோடு வாழ்ந்தவர் மார்த்தினா ரோசல்ஸ். போர்த்துகீசிய, சயாமிய ரத்தம் கலந்த கத்தோலிக்கர் என்பது பலரும் ஏற்கிற கருத்து. சயாம் இளவரசி என்றும், கெடா சுல்தானின் மகள் என்றும் கதைகள் உண்டு. கதைகளை விட்டுவிடலாம். ஐந்து பிள்ளைகள் பிறந்தது மட்டும் கதையல்ல. ஆங்கிலத் திருச்சபையில் இருவருக்கும் மணம் நடக்கவில்லை. அவர் கத்தோலிக்கர் என்பதே தடை என்பது ஒரு விளக்கம். உள்ளூர் வழக்கப்படி மணம் நடந்தது என்பது இன்னொரு விளக்கம்.

1794 அக்டோபர் 21ஆம் தேதி மலேரியாக் காய்ச்சலில் லைட் இறந்தார். வயது 53. அதற்கு முந்தைய நாள் எழுதிய உயிலில் மிளகுத் தோட்டங்கள், நெல்வயல், ஊருக்குள் இருந்த பங்களா, வீட்டுச் சாமான்கள், கால்நடைகள் என்று மார்த்தினாவுக்கு அள்ளிக் கொடுத்தார். அடிமைகள்கூட அந்தப் பட்டியலில் இருந்தார்கள், காலம் அப்படி. கொடுத்ததெல்லாம் சரி, மார்த்தினாவை என்னவென்று குறிப்பிட்டார்? மனைவி என்று எழுதவில்லை. 1772ஆம் ஆண்டு முதல் தன்னோடு சேர்ந்து வாழ்ந்துவருபவர் என்று எழுதினார். இருபத்திரண்டு வருடக் குடும்பத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு வருடக் கணக்கு மட்டுமே!

அதே உயிலை நிறைவேற்றும் பொறுப்பு யாரிடம் போனது தெரியுமா? ஜேம்ஸ் ஸ்காட், வில்லியம் ஃபேர்லி போன்றவர்களிடம். இந்த ஸ்காட் யார்? லைட்டின் வியாபாரப் பார்ட்னர்! சொத்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. அந்தக் குடும்பம் ஏமாற்றப்பட்டதாகவே, மகன் வில்லியமின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆயிர் ஈத்தாம் சாலையில் இன்று நிற்கும் சஃபோக் மாளிகை லைட்டின் தோட்ட நிலத்தில் எழுந்ததுதான். ஆனால் அதைக் கட்டியவர் பின்னாளில் வந்த கவர்னர் பிலிப்ஸ். மார்த்தினாவோ ஜான் டிம்மர் என்ற வணிகரை முறைப்படி மணந்துகொண்டார். நியாயமாகப் பார்த்தால் அன்றைய பினாங்கில் முறையான நீதிமன்றமே இல்லை. 1807ஆம் ஆண்டின் அரச சாசனத்துக்குப் பிறகுதான் அது வந்தது. மனைவி என்று எழுதியிருந்தாலும் எல்லாம் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எழுந்து நின்று கேட்க ஒரு பிடியாவது இருந்திருக்கும்.

அப்பாவுக்கு வந்த சிக்கல் பிள்ளைக்கும் வந்தது. ஆறு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட வில்லியம் லைட், பின்னாளில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை வடிவமைத்தவர். மனைவி பிரிந்துபோன பிறகு 1836ல் அவரோடு கப்பலில் அடிலெய்டு வந்தவர் மரியா கேண்டி. இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'வீட்டைப் பார்த்துக்கொள்பவர்'. பெரிய வீட்டுப் பெண்கள் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. காசநோயில் கிடந்த வில்லியமைக் கடைசிவரை கவனித்துக்கொண்டவர் அந்த மரியாதான். 1839 அக்டோபரில் வில்லியம் இறந்தபோது அவருக்கும் வயது 53. சொத்து முழுவதையும் மரியாவுக்கே எழுதியவர், அப்பா செய்யாத ஒன்றையும் செய்தார்: உயிலை நிறைவேற்றும் பொறுப்பையும் மரியாவிடமே கொடுத்தார். வீடு மரியாவுக்கே கிடைத்தது.

இதில் லைட் குடும்பம் ஒன்றும் விதிவிலக்கல்ல. கல்கத்தாவில் கும்பெனி அதிகாரிகளோடு வாழ்ந்த இந்தியப் பெண்களுக்கு 'பீபி' என்று பெயர். டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் 'நியாய்'. பெயர் இருந்தது, உரிமைதான் இல்லை.

பினாங்கில் இந்தக் கேள்வி பிறகு நீதிமன்றம் ஏறியது. வசதியான சீனக் குடும்பங்களில் முதல் மனைவிக்குப் பின் வந்தவர்களைச் சீனத்தில் 'சிப்' என்பார்கள். குடும்பத் தலைவர் கண்ணை மூடியதும் வழக்கு வரும்: இந்த அம்மாள் மனைவியா, வைப்பா? 1920ல் நீரிணைக் குடியேற்ற வழக்கு ஒன்று லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. இரண்டாம் நிலை மனைவிக்குச் சடங்கு நடந்ததை நிரூபிக்க வேண்டியதில்லை என்ற நிலைப்பாடு உறுதியானது. இருவரும் எப்படி வாழ்ந்தார்கள், ஊர் அவர்களை எப்படிப் பார்த்தது என்பதும் சாட்சியாக நின்றது. அக்கம்பக்கத்துச் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு!

அந்தக் காலம் 1982 மார்ச் 1ஆம் தேதியோடு முடிந்தது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரே திருமணம், அதற்கும் பதிவு. (முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம், அங்கே நிக்காஹ் இல்லாத துணை என்ற பேச்சுக்கே இடமில்லை.) கோயிலில் தாலி கட்டினோம், ஐயர் மந்திரம் சொன்னார், ஊரே சாப்பிட்டது என்பதெல்லாம் சந்தோஷம்தான். பதிவு இலாகாவில் கையெழுத்துப் போட்டால்தான் 'மனைவி' என்ற சொல் சந்தேகமின்றிக் கைக்கு வரும்.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா? உண்டு. திருக்குறளின் ஆறாவது அதிகாரத்தின் பெயரே வாழ்க்கைத் துணைநலம். அந்தச் சொல்லை மேடைக்குக் கொண்டுவந்தவர் பெரியார். கல்யாணம், விவாகம் எதுவும் வேண்டாம், வாழ்க்கைத் துணை ஒப்பந்தம் என்று சொல்லுங்கள் என்றார். 1929 டிசம்பரில் அவர் பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கிய பிறகு, சுயமரியாதைத் திருமணம் இந்த மண்ணிலும் வேர் பிடித்தது.

அவருடைய சொந்த வாழ்க்கையிலேயே அந்தச் சொல்லுக்குச் சோதனை வந்தது. முதல் மனைவி நாகம்மையார் 1933ல் காலமானார். 1949 ஜூலை 9ஆம் தேதி, எழுபதை நெருங்கும் வயதில், தன்னை உடனிருந்து கவனித்துவந்த மணியம்மையாரைப் பெரியார் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். கட்சியே பிளந்தது, அந்த ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி தி.மு.க. பிறந்தது. சடங்கு வேண்டாம், ஒப்பந்தம் போதும் என்று ஊரூராகச் சொன்னவரும், சொத்தையும் இயக்கத்தையும் ஒருவரிடம் ஒப்படைக்க நினைத்தபோது பதிவாளரிடம்தான் போக வேண்டியிருந்தது. இதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? உலகம் தெரிந்தவர் செய்கிற காரியம் அது.

'துணைவி' என்ற சொல்லோ பிறகு வேறு திசையில் போனது. துணைவியார் என்றால் மரியாதையான மனைவி. ஆனால் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் மனைவி ஒருவர், துணைவி இன்னொருவர் என்று எழுதும் பழக்கம் வந்த பிறகு, அந்தச் சொல்லைக் கேட்டதும் புருவத்தைத் தூக்குகிறார்கள். நல்ல சொல் ஒன்று இப்படி வீணானது. புதிதாக 'இணையர்' என்கிறார்கள். அழகான சொல், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கும்போது யார் சொல்வார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த விஷயத்தில் ஸ்வீடன்காரர்கள் கெட்டிக்காரர்கள். மணமாகாமல் ஒரே வீட்டில் வாழ்கிறவர் 'சம்போ'. காதல் உண்டு, வீடு மட்டும் தனித்தனி என்றால் 'சேர்போ'. வயதானவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சொல்! சம்போக்களுக்கு 2003ல் தனிச் சட்டமே போட்டார்கள். சேர்ந்து வாழ்வதற்காக வாங்கிய வீட்டிலும் சாமான்களிலும் பங்கு உண்டு. அங்கேயும் உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமை கிடையாது.

நம் நாட்டில் உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பேசும். பெற்றோர் இல்லாமல் பிள்ளைகள் மட்டும் இருந்தால் மனைவிக்கு அல்லது கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பதிவு செய்யாத துணைக்கு எதுவும் இல்லை. பத்து வருடம் சமைத்துப் போட்டிருக்கலாம், டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை கூட்டிப் போயிருக்கலாம். சட்டத்துக்கு அவர் 'தெரிஞ்சவங்க'தான். பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் நாற்பதாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

பதிவு செய்ய மனமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. முஸ்லிம் அல்லாதவர் உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஊழியர் சேமநிதியில் யாரை வேண்டுமானாலும் பெயர் குறிக்கலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: உயில் எழுதிய பிறகு திருமணப் பதிவு செய்தால், அந்தத் திருமணத்தை எதிர்பார்த்து எழுதியதாக உயிலிலேயே குறிப்பு இருந்தால் தவிர, பழைய உயில் செல்லாது. முதலில் உயில், பிறகு மனம் மாறிப் பதிவு என்றால், கையோடு இன்னொரு உயிலும் எழுதிவிட வேண்டும்.