சுரங்கக் கழிவில் கனஉலோக மாசு: உயிரிவழிச் சீரமைப்பு

சுரங்கக் கழிவுகளில் தங்கிவிடும் துத்தநாகம், காட்மியம், ஈயம், செம்பு, குரோமியம், யுரேனியம் போன்ற உலோகங்களை நுண்ணுயிர்கள், பாசிகள், செடிகொடிகள் ஆகியவற்றைக் கொண்டு அகற்றுவது, அல்லது நகரவிடாமல் கட்டிப்போடுவது உயிரிவழிச் சீரமைப்பு எனப்படும். வேதியியல்படி முழு உலோகமல்லாத ஆர்சனிக்கையும் நடைமுறையில் இதே பட்டியலில் சேர்ப்பார்கள். கடலில் கொட்டிய எண்ணெயைப் பாக்டீரியா தின்று தீர்த்துவிடும். உலோகமோ தனிமம், எந்த உயிரியாலும் அதை இல்லாமல் செய்ய முடியாது. கரைந்திருப்பதைக் கரையாததாக்கலாம், பரவிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்க்கலாம், கடும் நச்சான வடிவத்தை நச்சு குறைந்த வடிவமாக மாற்றலாம். இந்தத் துறையில் நடப்பதெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

மாசு உண்டாகும் விதம்

தாதுவைப் பிரித்தபின் மிஞ்சுவது இரண்டு: உடைத்துப் போட்ட கழிவுப் பாறையும், மாவாக அரைக்கப்பட்ட தாதுச் சக்கையும். 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில் மக்கள் ‘சயனைடு மலை’ என்று சொல்லும் மேடுகள் இரண்டாம் வகை. அரைபட்ட சக்கை காற்றடித்தால் பறக்கும், மழை பெய்தால் கரைந்தோடும்.

கந்தகம் கலந்த தாதுக்களில் தொல்லை இன்னும் பெரிது. பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு பூமிக்கடியில் இருக்கும்வரை சாதுவானது. காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் சுற்றியுள்ள பாறையிலிருந்து மற்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஓடுகிறது. இதை முடுக்கிவிடும் பாக்டீரியாவை அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீரில் கோல்மர், ஹிங்கில் ஆகிய இருவரும் 1947-இல் கண்டறிந்தனர். இன்று அதன் பெயர் அசிடிதயோபேசிலஸ் ஃபெர்ரோஆக்சிடன்ஸ். அமில நீரில் இரும்பு தானாக ஆக்சிஜனேற்றம் அடைவது மிக மெதுவான வினை; நுண்ணுயிர்கள் அதைப் பத்து லட்சம் மடங்குவரை விரைவாக்கும் என்று 1970-இல் சிங்கரும் ஸ்டம்மும் காட்டினர். கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் ஊறும் நீரின் பிஎச் அளவு சுழிக்கும் கீழே, -3.6 வரை போயிருக்கிறது. ஆக, சுரங்க மாசில் உயிரிகள் முதலில் வருவது குற்றவாளியாகத்தான். அதே பாக்டீரியாவை வைத்தே தரம் குறைந்த தாதுவிலிருந்து செம்பைக் கரைத்தெடுக்கும் தொழிலும் நடக்கிறது.

சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியா

சுரங்க நீரைத் தூய்மையாக்குவதில் அதிகம் நம்பப்படுபவை டீசல்ஃபோவிப்ரியோ போன்ற, காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள். நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பது போல அவை சல்பேட்டைச் சுவாசிக்கின்றன; அழுகுமுட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. அந்த வாயு கரைந்த துத்தநாகத்தையோ காட்மியத்தையோ சந்தித்ததும் கரையாத சல்பைடாக அடியில் படிகிறது. கூடவே உண்டாகும் பைகார்பனேட் அமிலத்தையும் தணிக்கிறது. சுரங்கத்துக்குள் நடந்ததைத் தலைகீழாக ஓட்டிக் காட்டுகிறது இந்த வினை. பாக்டீரியாவுக்கு உணவாக ஏதேனும் கரிமப் பொருளோ ஹைட்ரஜனோ வேண்டும். மரத்தூள், சாணம், எத்தனால், ஹைட்ரஜன் என எது மலிவாகக் கிடைக்கிறதோ அது.

நெதர்லாந்தின் பூடெல் துத்தநாக ஆலையில் 1992 முதல் இந்த முறையில் மாசடைந்த நிலத்தடி நீர் தூய்மையாக்கப்பட்டது. அங்கே படிந்த துத்தநாகச் சல்பைடு ஆலையின் உலைக்கே மூலப்பொருளாகத் திரும்பிப் போனது. கழிவு வேறொரு கழிவாக மாறாமல் சரக்காகவே மாறிய இத்தகைய நேர்வுகள் அரியவை.

வீல் ஜேன்

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்த வீல் ஜேன் தகரச் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டது. நீர் இறைக்கும் பம்புகளை நிறுத்தியதும் சுரங்கம் நிரம்பத் தொடங்கியது. 1992 ஜனவரியில் பழைய வடிகால் சுரங்கம் ஒன்றின் அடைப்பு உடைந்து, சுமார் 5 கோடி லிட்டர் அமில நீர் கார்னன் ஆற்றில் பாய்ந்தது. ஃபால் கழிமுகம்வரை தண்ணீர் செம்மஞ்சளாக மாறியது.

அதன்பின் அங்கே அமைத்த சோதனை நிலையம் இத்துறையின் பாடநூல் எடுத்துக்காட்டாகிவிட்டது. சுரங்க நீர் முதலில் நாணலும் சம்பும் நட்ட, ஆழமில்லாத படுகைகளில் மெல்ல ஓடும். காற்றுப் பட்டு இரும்பு துருவாகப் படியும்; ஆர்சனிக் அந்தத் துருவோடு ஒட்டிக்கொண்டு இறங்கும். அடுத்தது காற்றுப் புகாத தொட்டி. மரத்தூளும் வைக்கோலும் மாட்டுச் சாணமும் அடைத்த அந்தத் தொட்டியில் மேலே சொன்ன பாக்டீரியாக்கள் துத்தநாகம், செம்பு, காட்மியத்தைப் பிடிக்கும். கடைசியாகக் கற்படுகை. கற்களின் மேல் வளரும் பாசி ஒளிச்சேர்க்கை செய்யும்போது நீரின் காரத்தன்மை கூடும். எளிதில் பிடிபடாத மாங்கனீசு அங்கேதான் படியும். ஒரே தொட்டியில் எல்லா உலோகத்தையும் பிடித்துவிடலாம் என்று சொல்லும் விளம்பரங்களை நம்பாமலிருக்க இந்த வரிசை ஒன்றே போதும். இரும்புக்குக் காற்று வேண்டும், துத்தநாகத்துக்குக் காற்று கூடாது.

ஆனாலும், 2000-இல் நிரந்தர நிலையம் அமைந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்டது சுண்ணாம்புதான். சுரங்கத்திலிருந்து வரும் நீரின் அளவுக்கு நாணல் படுகை அமைக்கத் தேவையான நிலப்பரப்பு மிகப் பெரிது. நீர்வரத்து குறைவு, நிலம் தாராளம், ஆளில்லாமல் ஓட வேண்டும் என்ற இடங்களுக்கே சதுப்புநில முறை பொருந்தும்.

குரோமியமும் யுரேனியமும்

இந்தியக் குரோமைட் இருப்பில் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் உள்ளது. அங்கே நீரில் கலப்பது புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம். பல பாக்டீரியாக்கள் அதை எளிதில் கரையாத, நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவமாக ஒடுக்க வல்லவை. யுரேனியத்துக்கும் இதே தத்துவம்தான். அமெரிக்காவின் கொலராடோவில், ரைஃபில் ஊரின் பழைய யுரேனிய ஆலை வளாகத்தில் 2002-இல் நிலத்தடிக்கு அசிட்டேட் செலுத்தினார்கள். அதை உணவாகக் கொண்டு ஜியோபாக்டர் என்னும் பாக்டீரியா இனம் பெருகியது, நீரில் யுரேனியம் குறைந்தது. சில வாரங்களில் சல்பேட் ஒடுக்கிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, யுரேனியம் மறுபடி ஏறியது.

செடிகள்

நியூ கலிடோனியாவில் வளரும் பிக்னாண்ட்ரா அக்குமினாட்டா என்னும் மரத்தின் பால் நீலப்பச்சை நிறத்தில் வடியும்; உலர்ந்த பாலில் கால்பங்கு நிக்கல். இத்தகைய மீச்சேகரிப்புத் தாவரங்களைப் பயிரிட்டு அறுத்தே மண்ணைத் தூய்மையாக்கலாம் என்ற பேச்சு பத்திரிகைகளுக்குப் பிடித்தமானது. கணக்குப் போட்டால் அது அடங்கிவிடுகிறது. ஒரு ஹெக்டேரில் 20 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 2,600 டன் மண் இருக்கும். அதில் துத்தநாகம் 1 விழுக்காடு என்றால் 26 டன். உலர் எடையில் 1 விழுக்காடு துத்தநாகம் ஏற்றும் செடி 5 டன் விளைந்தாலும் ஓர் அறுவடைக்கு வெளியேறுவது 50 கிலோ. 500 அறுவடைக்கு மேல் வேண்டும். அறுத்த செடியை எங்கே போடுவது என்ற கேள்வி தனி.

செடியை உலோகம் உறிஞ்ச வைப்பதைவிட, கழிவை மூடும் போர்வையாக்குவதே இதுவரை பலன் தந்திருக்கிறது. வேல்ஸின் பழைய சுரங்கக் கழிவுகளில் தாமாகவே தாக்குப்பிடித்த புற்களை லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் அந்தோணி பிராட்ஷாவும் அவரது குழுவினரும் ஆராய்ந்தனர். ஈயம், துத்தநாகம் மிகுந்த சுண்ணாம்புக் கழிவுக்கு மெர்லின், அமிலக் கழிவுக்குக் கோகினன், செம்புக் கழிவுக்குப் பேரிஸ் என்ற புல் வகைகள் அந்த ஆய்வில் உருவாகி விதையாக விற்பனைக்கு வந்தன. புல் வேர் பிடித்தால் தூசி அடங்கும், மழைநீர் உள்ளே இறங்குவதும் குறையும். நாக்பூர் அருகே கும்காவ் மாங்கனீசுச் சுரங்க மேட்டில் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) கையாண்ட வழியும் இதற்குப் பக்கத்தில் வருவதே. சர்க்கரை ஆலையில் கரும்புச்சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் பிரஸ்மட் வண்டலைக் கழிவோடு கலந்து, வேர்ப்பூஞ்சை, ரைசோபியம், அசட்டோபாக்டர் சேர்த்து மரக்கன்றுகளை நட்டனர். வேர்ப்பூஞ்சை முதலான இந்த மூன்றும் நம் உழவர்கள் வயலுக்கு வாங்கும் உயிர் உரங்களே.

பராமரிப்பு

படிந்த சல்பைடு நீருக்கடியில் இருக்கும்வரை நிலையாக இருக்கும். படுகை காய்ந்து காற்றுப் பட்டால் அமிலம் மறுபடி பிறந்து, பிடித்த உலோகமெல்லாம் வெளியேறிவிடும். சாணமும் மரத்தூளும் காலப்போக்கில் தீரும். துரு சேர்ந்து படுகையின் துளைகள் அடைபடும். அப்போது சேற்றைத் தோண்டியெடுத்து, நச்சுக் கழிவுக்குரிய பாதுகாப்போடு புதைக்க வேண்டும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பாக்டீரியாவின் வேகமும் குறையும். சுரங்கமோ மூடி பல பத்தாண்டுகள் கழிந்தும் அமிலம் கசிந்துகொண்டிருக்கும். எனவே மூடும் திட்டத்திலேயே சேறு வாருவதற்கும், உணவு நிரப்புவதற்கும், வெளியேறும் நீரைத் தொடர்ந்து சோதிப்பதற்கும் பணம் ஒதுக்கப்படுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.