கடல் கடந்த கல்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் கரையிலிருந்து கிழக்கே நோக்கின், நீரிணைக்கு அப்பால் செபராங் பிறை தெரியும். பழங்கடாரமாகிய கெடாவின் பகுதியாயிருந்த அந்நிலத்தை 1800ஆம் ஆண்டில் பெற்ற ஆங்கிலேயர், வெல்லெஸ்லி மாகாணம் எனப் பெயரிட்டனர்.

1834இல் அங்குக் கல்வெட்டொன்றைக் கண்டெடுத்த கும்பினி அதிகாரி ஜேம்ஸ் லோ, அதனைக் கல்கத்தாவின் ஆசியக் கழகத்திற்கு அனுப்பினார். பின்னர் அது அந்நகரின் இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கி.பி. 5ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் அக்கல்லில் பௌத்தத் தூபியின் உருவம் உண்டு. இரத்தமிருத்திகை என்னும் ஊரினனான மாலுமித் தலைவன் புத்தகுப்தனின் பயணம் இனிது நிறைவேறுக என வாழ்த்துகிறது அதன் வடமொழி வாசகம். அவ்வூர் வங்கத்தது என்பர் ஆய்வாளர்.

லோ ஆராய்ந்த மற்றொரு கல்வெட்டு, புக்கிட் மெர்தாஜாமை அடுத்த செரோக் தொக்குன் பெரும்பாறையில் உள்ளது. அது பொறிக்கப்பட்ட இடத்திலேயே இன்றும் நிற்பதால், மாணவர் நேரிற் கண்டு கற்கலாம். புத்தகுப்தன் கல்லைக் காணவோ கடல் கடத்தல் வேண்டும்.

களவுபோன பத்தூர் நடராசர் திருமேனி, இலண்டன் நீதிமன்றத் தீர்ப்பால் 1991இல் தாயகம் மீண்டது. இக்கல்லுக்கு அவ்வழி இல்லை. இது ஆட்சியாளர் கையால் சென்றது. 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையும் முன்னர் நிகழ்ந்தவற்றைத் தீண்டாது. பொறித்தவன் வங்கத்தான், பொறித்த மண் கடாரம் என்பதால் உரிமையும் இருபாற்படும்.

எனினும், மேலைநாடுகளிடம் நம் திருமேனிகளைக் கேட்கும் நீதி, கொல்கத்தாவின் வாயிலோடு நின்றுவிடுதல் முறையன்று.